மாவு பூசுன செடி

செல்வி,

எப்படிடி இருக்க, அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லையா? அந்த பாலைவனத்துல கள்ளிய விட்டா என்னதான்டி இருக்குன்னு போன தடவ கேட்டியே, அன்னிக்கு பதில் வரல, அதான் இப்ப எழுதுறேன்.

இங்க அமெரிக்கால அரிசோனா பாலைவனத்துல இருக்குற டூசான் ஊர்ல எங்க வாசல்லயே ஒரு செடி நிக்குது, பேரு பிரிட்டில்புஷ். இடுப்பு உயரம்தான், இலை பூரா கோலமாவு தூவுன மாதிரி வெள்ளையா பொடி ரோமம். மழை பெஞ்சா பச்சையாகும், காயக் காய ரோமம் கூடி வெயில திருப்பி அடிக்கும், ரொம்ப காஞ்சா இலையையே உதிர்த்துட்டு குச்சியா நிக்கும். வந்த புதுசுல செத்துப்போச்சுன்னு நெனச்சு பிடுங்கப் போனேன், ஒரு கிளை படக்குன்னு ஒடிஞ்சுது, ஒடிஞ்ச எடத்துல மஞ்சளா பிசின், விரல்ல ஒட்டுனது சோப்பு போட்டும் லேசுல போகல, ஆனா அந்த வாசனை இருக்கே, அதுக்கே பிடுங்காம விட்டுட்டேன். பிப்ரவரில பாத்தா காம்பு காம்பா மேல நீட்டிக்கிட்டு மஞ்சப்பூ, மலைச்சரிவு பூரா அதே மஞ்சள், எனக்கு கண்ணே கலங்கிடுச்சுடி.

அந்த பிசின்தான் விஷயமே. ஸ்பானிஷ் பாதிரியாருங்க சர்ச்சுல சாம்பிராணியா பொகைச்சிருக்காங்க, அதான் இன்சியென்சோன்னு ஒரு பேரு. கலிபோர்னியா பக்கம் கவீயா பழங்குடி மக்கள் பிசின சூடாக்கி நெஞ்சு வலிக்கு பத்து போட்டிருக்காங்க, பூ, இலை, தண்டு கொதிக்க வச்ச தண்ணிய பல்வலிக்கு வாயில வச்சிருந்திருக்காங்க. மெக்சிகோ கடலோரத்து செரி பழங்குடி மக்கள் குச்சிய பட்டை உரிச்சு சாம்பல்ல சூடு காட்டி பல்லுல வைப்பாங்களாம். மாடு மேய்க்கிறவங்க இதே குச்சியில பல்லு வெளக்கியிருக்காங்க, நம்ம வேப்பங்குச்சி ஞாபகம் வந்துச்சு.

நான் எதையும் வாயில வைக்கலடி, பயப்படாத. பக்கத்துலயே வளர்ற கிரியோசோட் புதரும் இங்க பெரிய மருந்துதான், ஆனா அந்த இலைய டீ போட்டுக் குடிச்சு கல்லீரல் கெட்டுப்போனவங்க இருக்காங்க. தலைமுறை தலைமுறையா கூடவே வாழ்ந்தவங்களுக்கு எது எவ்வளவுன்னு கைப்பழக்கம், அந்த மருந்துச் செடிய பாக்கெட்ல போட்டு விக்கிறது எனக்கு சுத்தமா பிடிக்கல.

மார்ச்ல லீவு கிடைக்குமா பாரு, அதுக்குள்ள பூ கொட்டிடாது. வந்தா காலைல வெயில் ஏறுறதுக்கு முன்னாடியே மலைக்கு கூட்டிட்டுப் போறேன்.

உன்
வசந்தி