தண்டுவடக் குழாய்க் காற்று: கைகொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

விபத்துப் பிரிவிலும் ஸ்கேன் அறையிலும் வேலை பார்ப்பவர்களுக்காக நாங்கள் தொகுத்த கையேடு அச்சுக்குப் போய்விட்டது. தண்டுவடக் குழாய்க்குள் காற்று தெரிந்தால் எதை நினைக்க வேண்டும், எதை விட்டுவிடலாம் என்பதுதான் அதன் பொருள். வரிவரியாகப் படித்துத் திருத்திக் கொடுத்தவர்களுக்கு இந்த மடல்.

முதலில் தமிழாசிரியை அம்மா அவர்களுக்கு. ‘தண்டுவடத்தில் காற்று’ என்றுதான் தலைப்பு வைத்திருந்தோம். “காற்று நரம்புக்குள்ளேயா இருக்கிறது, நரம்பைச் சுற்றியா?” என்று கேட்டார். சுற்றித்தான் இருக்கிறது. எலும்புக் குழாய்க்குள், தண்டுவடத்துக்கு வெளியே. அதிலும் தண்டுவடத்தைப் போர்த்தியிருக்கும் டியூரா உறைக்கு வெளியே நின்றால் பெரும்பாலும் கவலையில்லை. உறைக்கு உள்ளே புகுந்திருந்தால் பெரும்பாலும் எங்கோ பெரிதாகக் கிழிந்திருக்கிறது என்று பொருள். 1977-ல் கார்டனும் ஹார்ட்மேனும் எழுதி வைத்த இந்த நிலைக்குப் பின்னாளில் ஒட்டிக்கொண்ட பெயர் நியூமோராக்கிஸ். தலைப்பை மாற்றிவிட்டோம், அம்மா.

சி.டி. டெக்னீஷியன் தம்பிக்குக் கொஞ்சம் கூடுதலாகவே கடன்பட்டிருக்கிறோம். சி.டி. படத்தில் அடர்த்தியைச் சொல்லும் ஹவுன்ஸ்ஃபீல்டு அளவில் தண்ணீர் 0, காற்று -1000, கொழுப்பு ஏறத்தாழ -100. விண்டோ என்பது எந்த எண் முதல் எந்த எண் வரை கறுப்பு-வெள்ளையாகப் பிரித்துக் காட்ட வேண்டும் என்ற அமைப்பு. வழக்கமான மென்திசு விண்டோவில் (அகலம் 400, மையம் 40) -160-க்குக் கீழே எல்லாமே கறுப்பு. கொழுப்பும் கறுப்பை ஒட்டிய சாம்பல். எபிடியூரல் இடத்தில், அதாவது டியூரா உறைக்கு வெளியே உள்ள இடத்தில், கொழுப்பு இயல்பாகவே உண்டு. அதனால் இரண்டு குமிழி காற்று அங்கே இருந்தாலும் கண் தாண்டிப் போய்விடும். அதே படத்தை நுரையீரல் விண்டோவுக்கு (அகலம் 1500, மையம் -600) மாற்றினால் கொழுப்பு வெளிறிவிடுகிறது, காற்று மட்டும் கறுப்பாக நிற்கிறது. இரண்டு நொடி வேலை. குமிழி மிகச் சிறியதென்றால் பக்கத்துத் திசுவின் அளவும் கலந்து எண் -1000 வரை இறங்காது. -300 என்று வந்தாலும் அது கொழுப்பல்ல என்று எழுதச் சொன்னதும் அவர்தான். எக்ஸ்ரேயில் இது பெரும்பாலும் தெரியாது. எம்.ஆர்.ஐ.யில் வெறும் கறுப்பாகத் தெரியும், சுண்ணாம்புப் படிவும் அப்படியேதான் தெரியும். ஆகவே முடிவு சொல்வது சி.டி.தான்.

நெஞ்சக மருத்துவர் விளக்கிய வழித்தடம் இல்லையென்றால் கையேட்டின் பாதி இருந்திருக்காது. ஆஸ்துமா, விடாத இருமல், ஓயாத வாந்தி: இவற்றில் ஏதோ ஒன்று நுரையீரல் காற்றுப்பைக்குள் அழுத்தத்தை ஏற்ற, பை கிழிகிறது. வெளியே வந்த காற்று ரத்தக்குழாய்களைப் போர்த்திய உறையைப் பிடித்துக்கொண்டே நடுமார்புக்கு வந்து சேர்கிறது. இதை 1939-லேயே மாக்ளின் காட்டிவிட்டார். அங்கிருந்து கழுத்துக்கு ஏறினால் தோலுக்கடியில் விரல் வைத்தால் நறநறக்கும். பின்பக்கம் போனால் நரம்பு வெளிவரும் துளைகள் வழியே எபிடியூரல் இடத்துக்குள் நுழையும். நடுவே தடுக்கச் சவ்வுச் சுவர் எதுவும் கிடையாது. மல்லாந்து படுத்திருப்பவருக்குக் காற்று முன்பக்கம்தானே மிதக்க வேண்டும் என்று கேட்டோம். எபிடியூரல் இடத்தின் முன்பக்கம் சிரைப் பின்னல் அடர்ந்து கிடக்கிறது, பின்பக்கம் தளர்வான திசு. இடம் கிடைக்கிற பக்கம்தான் காற்று போகும். உறைக்குள் இருக்கும் காற்றோ திரவத்தில் மிதப்பதால் உடம்பைத் திருப்பினால் தானும் நகரும். இந்த வேறுபாடு துப்பு கொடுக்கும், தீர்ப்பு கொடுக்காது. அவர் அடிக்கோடிட்ட இன்னொன்று: வாந்திக்குப் பிறகு நெஞ்சு வலியும் காய்ச்சலும் இருந்தால் முதுகுக் காற்றை விட்டுவிட்டு உணவுக்குழாய் கிழிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உயிரைக் குடிப்பது அந்தக் கிழிசல்தான்.

நரம்பியல் அறுவை நிபுணர் சேர்த்தது சிறு பத்தி, ஆனால் கனமானது. விபத்தில் அடிபட்டவருக்கு உறைக்கு உள்ளே காற்று என்றால் தலையையும் நெஞ்சையும் சேர்த்தே ஸ்கேன் எடுக்க வேண்டும். மண்டையோட்டின் அடித்தளம் உடைந்து உள்ளே போன காற்று, தலை தாழ்ந்து கிடந்தால் முதுகுப் பக்கம் நகர்ந்திருக்கலாம். மூக்கிலோ காதிலோ தெளிந்த நீர் வடிகிறதா என்று பாருங்கள். காற்று போன வழியில் கிருமியும் போகும், மூளையுறைக் காய்ச்சல் வரும்.

மயக்க மருத்துவர்கள் இருவரும் தங்கள் துறையின் பங்கை மறைக்காமல் எழுதிக் கொடுத்தார்கள். எபிடியூரல் ஊசி போடும்போது இடத்தைக் கண்டுபிடிக்க சிரிஞ்சில் காற்றை வைத்து அழுத்திப் பார்க்கும் பழக்கம் இன்னும் உண்டு; சலைன் (உப்புநீர்) வைத்தால் இந்தப் பிரச்சினையே இல்லை. காற்று தவறி உறைக்குள் போய்விட்டால் தலைவலி அப்போதே தொடங்கும். (1919-ல் வால்டர் டாண்டி மூளையைப் படம் பிடிப்பதற்காக இடுப்பில் ஊசி குத்தி வேண்டுமென்றே காற்றை ஏற்றினார். நோயாளிகள் பட்ட தலைவலி கொஞ்சநஞ்சமல்ல.) இன்னொரு எச்சரிக்கையும் அவர்களுடையதே: உள்ளே காற்று இருப்பவருக்கு நைட்ரஸ் ஆக்சைடு என்ற மயக்க வாயு கொடுக்கக் கூடாது. நைட்ரஜனைவிட அது ரத்தத்தில் ஏறத்தாழ 34 மடங்கு கரையும். நைட்ரஜன் வெளியேறும் வேகத்தைவிட இது குமிழிக்குள் நுழையும் வேகம் அதிகம், குமிழி ஊதிவிடும்.

முதுகெலும்புகளுக்கு இடையே உள்ள வட்டு (டிஸ்க்) தேய்ந்து அதிலிருந்து கசியும் வாயுவைப் பற்றி நினைவூட்டிய எலும்பு மருத்துவருக்கும் நன்றி. வயதானவர் ஸ்கேனில் வட்டுக்குள்ளும் கறுப்பு, பக்கத்துக் குழாயிலும் கறுப்பு என்றால் விபத்தைத் தேட வேண்டாம். அது பெரும்பாலும் நைட்ரஜன். காய்ச்சலும் சேர்ந்திருந்தால் மட்டும் வாயு உண்டாக்கும் கிருமியா என்று யோசிக்கவும்.

வார்டு சிஸ்டர் அக்கா எழுதிய பகுதியில் நாங்கள் கை வைக்கவே இல்லை. படுக்கை ஓய்வு, மாஸ்க்கில் ஆக்சிஜன், காரணத்துக்கான சிகிச்சை. காற்று பெரும்பாலும் சில நாட்களிலிருந்து சில வாரங்களுக்குள் தானாகவே ரத்தத்தில் கரைந்து போகும். கால் மரத்தாலோ, பலம் குறைந்தாலோ, சிறுநீர் கட்டினாலோ நள்ளிரவானாலும் மருத்துவரை எழுப்ப வேண்டும். காற்று கரைந்தது உறுதியாகும் வரை விமானம் வேண்டாம்; 8000 அடி உயரத்துக்கு ஈடான கேபின் அழுத்தத்தில் வாயு மூன்றில் ஒரு பங்கு விரியும்.

கடைசியாக, மெய்ப்பு பார்த்த மாணவருக்கு. கொழுப்பின் அளவு ‘100’ என்று அச்சாகியிருந்தது. முன்னால் விடுபட்ட கழித்தல் குறியைப் பென்சிலால் வட்டமிட்டு, “இப்படியே விட்டால் இது ரத்தத்தைவிடக் கெட்டி” என்று ஓரத்தில் எழுதியிருந்தார். சேர்த்துவிட்டோம்.

நன்றியுடன்,
கையேட்டுக் குழுவினர்