கொப்பியில் இருப்பது ஹன்சார்ட்டில் ஏறட்டும்

யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் ஆறு பாராளுமன்ற உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். வடமராட்சிக் கரையில் ஒரு கடற்றொழிலாளர் சங்கத்தில் கணக்கு எழுதுகிறேன். என் மேசை லாச்சியில் ஒரு நீலமட்டைக் கொப்பி இருக்கிறது. வலை அறுபட்டவர்கள் விடியக்காலையில் வந்து சொல்லச் சொல்ல எழுதிக்கொள்வேன்: திகதி, படகு இலக்கம், போன வலை எத்தனை துண்டு. அநேகமாகத் திங்கள், புதன், சனி. அக்கரைத் தமிழ்நாட்டு ரோலர்கள் (இழுவைப் படகுகள்) இறங்கும் நாட்கள் அவைதான். போன கிழமை ஒருவர் மிஞ்சிய மிதப்புகளை உரப்பையோடு கொண்டுவந்து மேசையில் கொட்டி, "இதையும் எழுது பிள்ளை" என்றார். எந்த நிரலில் எழுதுவது?

இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததல்ல. தூதுவர் வந்தால் சொல்கிறீர்கள், மறுநாள் பத்திரிகையில் படமும் வருகிறது. ஆனால் தூதுவரிடம் சொன்னதற்கு அமைச்சர் பதில் சொல்லத் தேவையில்லை. பாராளுமன்றச் சபையில் கேட்டால் சொல்லியாக வேண்டும், ஹன்சார்ட் என்ற சபைப் பதிவேட்டிலும் ஏறும்.

சபையால் என்ன ஆகும் என்று கேட்காதீர்கள். கடலடியை வாரும் இழுவைமடியைத் தடைசெய்த சட்டம் 2017 யூலையில் நிறைவேறியது. அதற்கு வழிவிட்டது அன்றைய யாழ்ப்பாண உறுப்பினர் சுமந்திரன் கொண்டுவந்த தனி உறுப்பினர் சட்டமூலம், அதாவது அமைச்சரல்லாத உறுப்பினர் தாமே கொண்டுவருவது. (குருநகரில் ரோலர் வைத்திருந்த நம்மவர்களுக்கு அது கசப்புத்தான், மறைக்கவில்லை.) சொந்த நாட்டுக் கடற்றொழிலுக்கு எழுதிய சட்டம், டில்லியோடு பேசப் போகும்போது கையில் ஒரு பிடியாக இருந்தது.

பாதுகாப்பும் அப்படித்தான். உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பிறகு 2019இல் அமைந்த பாராளுமன்றத் தெரிவுக்குழு, அன்றைய ஜனாதிபதி முகம் சுளித்தபோதும் புலனாய்வு அதிகாரிகளைக் கமராவுக்கு முன் இருத்திக் கேட்டது. தேசிய பாதுகாப்புச் சபைக்குப் பிரதமரையே கூப்பிடுவதில்லை என்பது அங்கேதான் பதிவானது. கேட்கும் மனம் இருந்தால் கதவு திறக்கும்.

திறக்காத இடமும் உண்டு. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்குமான மின்திட்டத்தை எடுங்கள். 2021 ஜனவரியில் ஒரு சீன நிறுவனத்துக்கு என்றார்கள். இந்தியா எதிர்ப்புத் தெரிவித்தது. 2022 மார்ச்சில் இந்தியாவோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டார்கள். இடையில் போன மாதங்களுக்கு யார் கணக்குச் சொன்னது? ஜெனரேட்டர் மின்சாரத்தில் இருந்த தீவார் யாருடைய பாதுகாப்புக்காகப் பொறுத்திருந்தார்கள் என்று சபையில் ஒரு முழுநாள் விவாதம் வேண்டியிருந்தது.

அரசியலமைப்பின் 157ஆம் உறுப்புரையைப் பாருங்கள். வெளிநாட்டு முதலீட்டைப் பாதுகாக்கும் உடன்படிக்கையைச் சபை மூன்றில் இரண்டு பெரும்பான்மையால் ஏற்றால் அதற்குச் சட்டவலு உண்டு. முதலீட்டுக்காரருக்கு அவ்வளவு யோசித்திருக்கிறார்கள். கடலையும் படையையும் பற்றிய ஒப்பந்தத்தைக் கையெழுத்துக்கு முன் மேசையில் வைக்கச் சொல்லும் உறுப்புரையைத் தேடினேன், காணவில்லை. பிரித்தானியாவில் 2010ஆம் ஆண்டுச் சட்டப்படி, உடன்படிக்கையை உறுதிப்படுத்து முன் 21 அமர்வு நாட்கள் பாராளுமன்றத்தில் வைக்க வேண்டும். வெஸ்ட்மின்ஸ்டர் (பிரித்தானியப் பாராளுமன்ற) வழக்கங்களை அப்படியே எடுத்த நாங்கள் இதை மட்டும் ஏன் எடுக்கவில்லை?

ஆகவே கடல், படை ஒப்பந்தங்களை முன்கூட்டியே சபையில் வைக்கச் சொல்லும் ஒரு தனி உறுப்பினர் சட்டமூலத்தை ஆறு பேரும் சேர்ந்து கொண்டுவாருங்கள். அரசாங்கக் கட்சியில் இருப்பவர்கள் முதலில் கையெழுத்து வைத்தால் இன்னும் நல்லது. கட்சிக்காரர் என்ன சொல்வார்களோ என்று யோசிப்பீர்கள், தெரியும். யோசியுங்கள், ஆனால் வரவுசெலவுத் திட்டக் குழுநிலை விவாதம் வருமுன் முடிவெடுங்கள். அன்று வெளிவிவகாரமும் பாதுகாப்பும் எடுபடும் நாட்களில், பேசி முடித்ததும் எழும்பிப் போகாமல் அமைச்சர் பதில் சொல்லும்வரை இருங்கள்.

கச்சதீவை மீட்கச் சொல்லி 2025 ஏப்ரலிலும் தமிழ்நாட்டுச் சட்டசபை தீர்மானம் போட்டது. வெளிவிவகாரத்தில் அதிகாரமே இல்லாத சபை! எங்கள் மாகாண சபையோ 2018 ஒக்டோபரில் காலம் முடிந்தபின் தேர்தலே காணவில்லை. மிச்சம் இருப்பது உங்கள் ஆறு கதிரைகள்தான்.

கொப்பியை ஆறு பிரதி எடுத்து, ஆட்களின் பெயர்களை மறைத்து வைத்திருக்கிறேன். ஆள் அனுப்புங்கள். சனிக்கிழமை மட்டும் வேண்டாம், அன்று காலையில் எழுத ஆட்கள் நிற்பார்கள்.

இப்படிக்கு,
சங்கத்துக் கணக்குப்பிள்ளை