ஒருமுறை கரு கலைந்தவர்களுக்கு ஆரம்ப வார இரத்தப் பரிசோதனை கிடைக்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒருமுறை கரு கலைந்த பெண் மீண்டும் கருவுற்று, ஐந்தாம் வாரத்திலோ ஆறாம் வாரத்திலோ கிளினிக்குக்குப் போய் "எனக்கு இரத்தம் எடுத்துப் பாருங்கள்" என்று கேட்டால், "அதற்கெல்லாம் இன்னும் நாள் இருக்கிறது" என்று அவளைத் திருப்பி அனுப்பும் வழக்கம் மாற வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். சுகாதார அமைச்சின் அதிகாரிகளும், பினாங்கில் கிளினிக் நடத்தும் மருத்துவர்களும், நம் வீட்டுப் பெரியவர்களும் இதைப் படிக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

என் மருமகளுக்கு முதல் கரு ஒன்பதாம் வாரத்தில் கலைந்தது. அடுத்த ஆண்டு நாள் தள்ளிப்போனதும், பட்டர்வொர்த்தில் எங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள ஒரு கிளினிக்குக்கு நானே அவளை அழைத்துச் சென்றேன். யூ.பி.டி. என்று அங்கே சொல்லப்படும் சிறுநீர்ச் சோதனையில் இரண்டு கோடுகளும் தெளிவாக விழுந்தன. சென்ற முறை நடந்ததைச் சொல்லி, இரத்தத்தில் ஹார்மோன் அளவைப் பார்க்க முடியுமா என்று அவள் கேட்டாள். ஒருமுறை போவது சகஜம், மூன்று முறை தொடர்ந்து போனால்தான் காரணம் தேடுவோம், பத்தாவது வாரத்தில் கர்ப்பிணிப் பதிவுக் கார்டு போட வாருங்கள் என்று பதில் வந்தது. சொன்னவர் கடுமையாகப் பேசவில்லை. வெளியே உட்கார இடமில்லாமல் தாய்மார்கள் நின்றுகொண்டிருந்ததை நானும் பார்த்தேன். ஆனால் ஒன்பதாம் வாரத்தில் இழந்தவளைப் பத்தாம் வாரத்தில் வரச் சொன்னால், இடைப்பட்ட நாட்களை அவள் எப்படிக் கடப்பாள் என்பதை அங்கே யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. கழிவறைக்குப் போகும்போதெல்லாம் இரத்தக் கறை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அவள் வெளியே வருவாள். கதவு திறக்கும்போது நான் அவள் முகத்தைப் பார்ப்பேன்.

அவள் கேட்டது அரிதான சோதனை அன்று. கரு கருப்பையில் பதியத் தொடங்கியதும், பிற்காலத்தில் நஞ்சுக்கொடியாக வளரப்போகும் அணுக்கள் எச்.சி.ஜி. என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. யூ.பி.டி. அது இருக்கிறதா இல்லையா என்று மட்டும் சொல்கிறது. இரத்தத்தில் பார்க்கும் பீட்டா எச்.சி.ஜி. சோதனை அது எவ்வளவு இருக்கிறது என்று சொல்கிறது. பிறகு ஒரு தனியார் கிளினிக்கில் அவளுக்கு இரத்தம் எடுத்தார்கள். கைப்பேசிக்கு வந்த ரிப்போர்ட்டில் ஒரே ஓர் எண்ணும், அதற்குக் கீழே வாரவாரியாக ஓர் அட்டவணையும் இருந்தன. ஐந்தாம் வாரத்துக்கு நேரே 18 முதல் 7,340 வரை என்று அச்சிட்டிருந்தார்கள். இவ்வளவு அகலமான வரம்புக்குள் எந்த எண் வந்தாலும் அது சரியான எண்தான். அதை வைத்துக்கொண்டு மகிழவும் முடியாது, அழவும் முடியாது. கருமுட்டை சில நாள் தாமதமாக வெளிப்பட்டிருந்தால்கூட அளவு குறைவாகவே காட்டும்.

ஆகவே இந்தச் சோதனைக்குப் பொருள் வருவது இரண்டாம் முறை இரத்தம் எடுக்கும்போதுதான். 48 மணி நேரம் கழித்து, முடிந்தவரை அதே ஆய்வுக்கூடத்தில், மறுபடியும் பார்க்க வேண்டும். ஆய்வுக்கூடம் மாறினால் கருவிகளும் முறைகளும் மாறும், எண்களை நேருக்கு நேர் ஒப்பிட முடியாது. இரண்டு நாளில் அளவு இரண்டு மடங்காக வேண்டும் என்று எல்லாரும் சொல்கிறார்கள்; அப்படி ஆகாவிட்டால் கரு போய்விட்டது என்று எண்ணிக் கலங்கிவிடுகிறார்கள். உண்மையில் முதல் அளவு 1,500-க்குக் கீழே இருந்தால், இரண்டு நாளில் குறைந்தது 49 விழுக்காடு உயர்ந்தாலே அது நல்ல கருவாக இருக்கக்கூடும் என்று அமெரிக்க மகப்பேறு மருத்துவர்களின் கல்லூரி 2018-இல் வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது. முதல் அளவு அதற்கு மேலே இருந்தால் இதைவிடக் குறைந்த உயர்வும் போதுமானது. ரிப்போர்ட்டைக் கையில் கொடுக்கும்போது இந்த ஒரு செய்தியை வாய்திறந்து சொல்லியிருந்தால், எத்தனையோ பெண்கள் இரண்டு இரவுகள் தூங்காமல் கிடந்திருக்க மாட்டார்கள்.

இந்தச் சோதனை கருவைக் காப்பாற்றாது என்பதையும் நான் மறைக்க விரும்பவில்லை. ஆரம்பத்தில் கலையும் கருக்களில் ஏறக்குறைய பாதி, மரபணுக்களைச் சுமக்கும் குரோமோசோம்களின் எண்ணிக்கை பிசகியதால் கலைகின்றன. அதைத் தடுக்க இன்றைக்கு வழியில்லை. ஸ்கேனில் இதயத்துடிப்பு தெரிந்த பிறகு எச்.சி.ஜி. பார்ப்பதிலும் பயனில்லை, எட்டாம் வாரத்துக்கும் பதினோராம் வாரத்துக்கும் இடையே அந்த அளவு உச்சத்தைத் தொட்டுவிட்டுத் தானாகவே இறங்கத் தொடங்கும், அந்த இறக்கத்தைப் பார்த்து வீணாகப் பயப்பட நேரும். நான் கேட்பது ஐந்தாம் வாரத்துக்கும் ஏழாம் வாரத்துக்கும் இடைப்பட்ட அந்தச் சிறிய காலத்துக்கு மட்டுமே.

அந்தக் காலத்தில்தான் ஓர் உயிராபத்து மறைந்திருக்கிறது. கருப்பைக்கு வெளியே, பெரும்பாலும் கருக்குழாயில் கரு தங்குவது நூறு கருக்களில் ஒன்றிரண்டில் நடக்கிறது. ஒருமுறை அப்படித் தங்கியவருக்கு மறுமுறையும் அவ்வாறு நேரும் வாய்ப்பு பல மடங்கு கூடுகிறது. எச்.சி.ஜி. மந்தமாக ஏறினாலோ, ஓரளவுக்கு மேல் ஏறியும் ஸ்கேனில் கருப்பைக்குள் கரு தென்படாமல் வெறுமையாக இருந்தாலோ மருத்துவர் உடனே சந்தேகப்படுவார். குழாய் வெடிப்பதற்கு முன் தெரிந்துவிட்டால் பலருக்கு ஊசி மருந்தாலேயே குணப்படுத்தலாம். வெடித்த பிறகு தெரிந்தால் அது இரவோடு இரவாக அறுவைச் சிகிச்சை. அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடும் வலி, தோள்பட்டை நுனியில் வலி, மயக்கம், இரத்தப்போக்கு ஆகியவை இருந்தால், பரிசோதனை முடிவுக்கெல்லாம் காத்திராமல், பினாங்குத் தீவில் இருப்பவர்கள் பினாங்கு மருத்துவமனைக்கும், பட்டர்வொர்த் உள்ள இக்கரையில் இருப்பவர்கள் செபராங் ஜெயா மருத்துவமனைக்கும் அவசரப் பிரிவுக்கு விரைய வேண்டும்.

முன்பு கரு கலைந்து, இந்த முறையும் ஆரம்பத்தில் இரத்தம் கசிபவர்களுக்கு இப்போது ஒரு சிகிச்சையும் இருக்கிறது. பிரிட்டனில் 4,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடத்தப்பட்ட பிரிஸம் ஆய்வு 2019-இல் வெளிவந்தது. ஆரம்பக் கருவில் இரத்தம் கசிந்த எல்லாருக்கும், கரு தங்க உதவும் ஹார்மோனான புரோஜெஸ்ட்டரோன் பயன் தந்ததாக அது காட்டவில்லை. ஆனால் ஏற்கெனவே கரு கலைந்தவர்களுக்கு மட்டும் ஓரளவு பயன் தெரிந்தது, அதிலும் மூன்று முறையோ அதற்கு மேலோ இழந்தவர்களுக்குக் கூடுதலாகத் தெரிந்தது. இதன் பிறகு 2021 நவம்பரில் பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டிகளை வகுக்கும் நைஸ் அமைப்பு தன் வழிகாட்டியைத் திருத்தி, கரு கருப்பைக்குள் இருப்பது ஸ்கேனில் உறுதியான, இரத்தம் கசிகிற, முன்பு ஒருமுறையேனும் கரு கலைந்த பெண்ணுக்கு, 400 மில்லிகிராம் புரோஜெஸ்ட்டரோன் மாத்திரையை நாளுக்கு இருமுறை பிறப்புறுப்பின் வழியே வைக்கப் பரிந்துரைத்தது. ஒருமுறை இழந்திருந்தாலே போதும் என்பதைக் கவனிக்க வேண்டும். இரத்தம் கசியாதவர்களுக்கு இது பயன் தந்ததாகத் தெரியவில்லை; ஆகவே கேட்டவர்களுக்கெல்லாம் "கரு தங்க" ஊசியும் மாத்திரையும் எழுதிக் கொடுப்பதை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் பத்தாம் வாரம்வரை யாரும் பார்க்காமலே விட்டுவிட்டால், தகுதியுள்ளவருக்கும் இது கிடைக்காமல் போகும்.

மூன்று முறை போனால்தான் பார்ப்போம் என்ற கணக்கை மருத்துவ உலகமே இப்போது தளர்த்தி வருகிறது. ஐரோப்பிய இனப்பெருக்க மருத்துவச் சங்கம் இரண்டு இழப்புகள் நேர்ந்தாலே காரணம் தேடலாம் என்கிறது. 2021-இல் லான்செட் மருத்துவ இதழ் வெளியிட்ட கட்டுரைத் தொடர், உலகில் ஆண்டுக்கு ஏறக்குறைய 2 கோடியே 30 லட்சம் கருக்கள் கலைவதாகக் கணக்கிட்டு, முதல் இழப்பிலிருந்தே படிப்படியான கவனிப்பைத் தொடங்க வேண்டும் என்று வலியுறுத்தியது. முதல் இழப்புக்குப் பிறகு அறிவுரையும் ஆதரவும், இரண்டாவதற்குப் பிறகு சில பரிசோதனைகள், மூன்றாவதற்குப் பிறகு முழு ஆய்வு என்பதே அந்த முறை. மூன்று குழந்தைக் கனவுகள் கலையும்வரை ஒரு பெண்ணைக் காக்க வைப்பதற்கு மருத்துவத்தில் தக்க காரணம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

நம் வீடுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூன்று மாதம் முடியாமல் வெளியே சொல்லாதே என்று நாம்தான் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறோம். கண் பட்டுவிடும் என்ற அச்சத்தில் பிறந்த அந்த வழக்கம், கரு கலைந்தால் அந்தத் துக்கத்தையும் வெளியே சொல்ல விடாமல் செய்துவிடுகிறது. அதற்குப் பிறகு பப்பாளி தின்றாயா, அன்னாசி தின்றாயா, மோட்டார் சைக்கிளில் போனாயா, அரிசி மூட்டையைத் தூக்கினாயா என்ற விசாரணை வேறு. என் மருமகளிடமும் ஒரு திருமண வீட்டில் உறவுக்காரப் பெண்மணி ஒருவர் பந்தியிலேயே இப்படிக் கேட்டார். அவள் "இல்லைங்க அத்தை" என்று சொல்லிவிட்டு இலையை மடித்துக்கொண்டு எழுந்துவிட்டாள். மருத்துவர் முன்னால் உட்கார்ந்து, உன் மேல் எந்தத் தவறும் இல்லை என்று ஒரு வார்த்தை கேட்க அவளுக்கு அவ்வளவு தேவையாக இருந்தது. சோதனைக்காகப் போகும் அந்த வேளைதான் பல பெண்களுக்கு அதைக் கேட்கக் கிடைக்கும் ஒரே வாய்ப்பு.

வேலைப் பளுவும் செலவும் தடையாகச் சொல்லப்படலாம். அரசாங்கக் கிளினிக் தாதியரின் சுமையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் நான் கேட்பது எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் அன்று. முன்பு இழந்தவர்களுக்கு, அவர்கள் தாங்களே கேட்கும்போது மட்டுமே. இன்று அங்கே மறுக்கப்படுகிறவர்கள் சும்மா இருந்துவிடுவதில்லை. கையில் பணமிருப்பவர்கள் தனியாரிடம் போகிறார்கள், இல்லாதவர்கள் வீட்டில் இருந்து பயப்படுகிறார்கள். பிறையிலும் பாயான் லெப்பாசிலும் தொழிற்சாலைகளில் ஷிப்ட் வேலை செய்யும் பெண்ணுக்கு 48 மணி நேர இடைவெளியில் இருமுறை விடுப்பு எடுப்பதே பெரும்பாடு. அவளுக்குக் காலை ஷிப்ட் தொடங்கும் முன்போ, மாலையிலோ இரத்தம் எடுக்கும் வசதி இருந்தால் பேருதவியாக இருக்கும்.

இரத்தம் எடுக்கும்போதே இரத்த வகையையும் சர்க்கரையையும் தைராய்டையும் சேர்த்துப் பார்த்துவிடலாம். நம் நாட்டில் நீரிழிவு இந்தியர்களிடையேதான் மிக அதிகம் என்பதைத் தேசிய சுகாதார ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. கட்டுப்படாத சர்க்கரை கரு கலைவதற்கான வாய்ப்பைக் கூட்டும். ஆர்.எச். என்ற புரதம் இல்லாத ஆர்.எச். நெகடிவ் இரத்த வகையும் மற்ற இனத்தவரைவிட நம்மவர்களிடையே கூடுதல். இவற்றைப் பத்தாம் வாரத்தில் அறிவதைவிட முன்கூட்டியே அறிவது நல்லதல்லவா?

சுகாதார அமைச்சிடம் என் வேண்டுகோள் இதுதான். முன்பு கரு கலைந்த பெண் கேட்டால், ஐந்தாம் ஆறாம் வாரத்தில் இரு பீட்டா எச்.சி.ஜி. சோதனைகளும், ஏழாம் வாரத்தையொட்டி ஒரு ஸ்கேனும் கிடைக்க வேண்டும். கிளினிக்கில் அந்த வசதி இல்லையென்றால், அங்கிருந்தே மருத்துவமனைக்குக் கடிதம் எழுதிக் கொடுத்து அனுப்ப வேண்டும். முடிவு எப்படி வந்தாலும், அதன் பொருளை உட்காரவைத்து விளக்க ஒருவர் இருக்க வேண்டும். கடைத்தெருவில் சரளமாக மலாய் பேசும் பெண்ணுக்கும், அந்த வேளையில் மருத்துவச் சொற்கள் காதில் ஏறுவதில்லை. தமிழ் பேசும் தாதியர் பணியில் இருந்தால் அவரை அழைத்துப் பேச வைக்கலாம்.

தங்கள் நாளிதழிடமும் ஒன்று கேட்கிறேன். ஞாயிறு பதிப்பில் தமிழ் பேசும் மகப்பேறு நிபுணர் ஒருவரை அழைத்து, ஆரம்ப வாரங்களில் எந்தச் சோதனையை எப்போது கேட்க வேண்டும், ரிப்போர்ட்டில் உள்ள எண்களை எப்படிப் படிக்க வேண்டும், எந்த அறிகுறி வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்று ஒரு முழுப்பக்கம் எழுத வைக்க வேண்டுகிறேன். என் மருமகள் இப்போது ஐந்தாம் மாதத்தில் இருக்கிறாள். இக்கடிதத்தை அவள் படித்துப் பார்த்து, அனுப்பலாம் என்று சொன்ன பிறகே அனுப்புகிறேன்; அந்தப் பக்கத்துக்கான கேள்விகளைத் தானே எழுதித் தருவதாகவும் சொல்லியிருக்கிறாள்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகி,
பட்டர்வொர்த், பினாங்கு