முழங்காலுக்குக் கீழே மோதும் ஆட்டம்

ஆசிரியர் அவர்களுக்கு,

பந்தைக் கையாலும் எடுத்து ஆடும் ஆஸ்திரேலியக் கால்பந்தாட்டத்தில் ஒரு வீரரின் கால் முறியும்போதெல்லாம், வேண்டுமென்றே மோதினாரா, பந்துக்காகத்தான் பாய்ந்தாரா என்று ரசிகர்கள் இரு கட்சியாகப் பிரிந்து வாதிடுகிறார்கள். 2012-இல் நார்த் மெல்பர்ன் அணியின் லிண்ட்சே தாமஸ் பந்தை நோக்கிச் சறுக்கிவந்து மோதியதில், சிட்னி ஸ்வான்ஸ் வீரர் கேரி ரோகனின் கீழ்க்கால் முறிந்தது. அந்த ஆண்டு தம் அணி கோப்பையை வென்றபோது அவரால் களமிறங்க முடியவில்லை. 2013-இலேயே, முழங்காலுக்குக் கீழே பலமாக மோதினால் எதிரணிக்கு ஃப்ரீ கிக் என்ற விதி வந்தது.

பந்தை முதலில் எட்டியவரையே தண்டிப்பது முறையா என்று கேட்பவர்கள் உண்டு. அஞ்சாமல் பந்தின்மேல் விழுபவரைக் கொண்டாடியே வளர்ந்த ஆட்டத்தில் அது நியாயமான கேள்விதான். ஆனால், குனிந்து பந்தெடுப்பவரின் கால் தரையில் ஊன்றியிருக்கையில், சறுக்கிவரும் உடலின் பாரம் முழுவதும் அதன்மேல் இறங்குகிறது. காலைத் தூக்கிக்கொள்ள அவருக்கு அவகாசமே இல்லை. மோதியவரின் உள்நோக்கத்தை நடுவரால் அளக்க இயலாது, அவர் பாய்ந்த விதத்தைக் கண்ணால் காண இயலும் என்பதால், இவ்விதியை நான் ஆதரிக்கிறேன். காயப்படுத்தியவரை ஆட்டத்துக்கு ஆட்டம் கூச்சலிட்டு இகழும் வழக்கத்தைத்தான் (இதில் எந்த அணி ரசிகரும் சளைத்தவர் அல்லர்) ஏற்க முடியவில்லை. குற்றத்தை விசாரிக்க ஏ.எஃப்.எல். (ஆஸ்திரேலியக் கால்பந்து லீக்) தீர்ப்பாயம் இருக்கிறது.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், மெல்பர்ன்