மாம்பழத்துக்குச் சான்றிதழ் எங்கே?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் பிரெக்ஸிட் (ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரித்தானியா விலகியது) பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை வாசித்தேன். இரண்டாவது தடவை வாசித்தது, முதல் தடவை கண் பிசகவில்லை என்று உறுதி செய்துகொள்ளத்தான். சில படிவங்கள் கூடியதைத் தவிர எம்மவர் வாழ்க்கையில் பெரிய மாற்றம் எதுவும் இல்லை என்று அதில் ஒரு வரி. எழுதியவர் டோவர் துறைமுகத்தைத் தாண்டி பிரான்ஸ் பக்கம் போனதே இல்லை போலும்.

கடந்த கோடையில் பாரிஸில் என் தங்கையின் மகளுக்குச் சாமத்தியச் சடங்கு. தாய்மாமன் நான். மாம்பழம், மாதுளை, மல்லிகைச் சரம், மனைவி இரவிரவாகக் கிண்டிய பால்கோவா, எல்லாவற்றையும் காரில் ஏற்றிக்கொண்டு லண்டனிலிருந்து புறப்பட்டோம். மறுகரையில் சுங்க அதிகாரி ஒருவர் மிக மரியாதையாக மாம்பழத்துக்குச் சுகாதாரச் சான்றிதழ் கேட்டார். மாம்பழத்துக்கா என்றேன். பூவுக்கும்தான் என்றார். பால்கோவா பாலில் செய்தது என்று என் மகனே உண்மையைச் சொல்லிவிட, அதுவும் போயிற்று. வாழைப்பழம், தேங்காய், அன்னாசி, பேரீச்சை, துரியான் ஆகிய ஐந்துக்கும் மட்டும் ஐரோப்பிய ஒன்றியத்தில் சான்றிதழ் தேவையில்லையாம். ஆகவே தாய்மாமன் சீராக மூன்று தட்டத்தில் தேங்காயும் இரண்டு தட்டத்தில் வாழைப்பழமும் கொண்டுபோய்ச் சபையில் வைத்தேன். மச்சானின் உறவினர்கள் என்னைப் பார்த்த பார்வையை எந்தப் படிவத்தில் நிரப்புவது?

பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில் மாம்பழம் கிடைக்காதா என்று கேட்பீர்கள். கிடைக்கும். சீரை நீயே கடையில் வாங்கிக்கொள் என்று தங்கையிடம் சொல்வதா? 2020 வரை இதே பாதையில் இதே சாமான்களைக் கொண்டுபோயிருக்கிறேன். பெட்டியைத் திறக்கச் சொன்னவர் எவரும் இல்லை. இப்போது அந்தத் தங்கையும் அண்ணன் வீட்டுக்கு வருவதென்றால் பணம் கட்டி முன் அனுமதி எடுக்கிறாள். 2025 ஏப்ரலிலிருந்து பிரெஞ்சுக் கடவுச்சீட்டுக்கும் அது வேண்டும் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல.

நீங்கள்தானே வாக்களித்தீர்கள் என்று சிலர் மடக்குகிறார்கள். நான் எங்கே வாக்களித்தேன்? பிரெக்ஸிட் வாக்கெடுப்பு நடந்த 2016 ஜூன் 23ஆம் தேதி, நான் லண்டனில் 11 ஆண்டுகளாக வரி கட்டிக்கொண்டிருந்தவன். ஆனால் நெதர்லாந்துக் கடவுச்சீட்டுக்காரன், அதனால் வாக்கு இல்லை. என் கடைக்கு மேல்மாடியில் வாடகைக்கு இருந்த தம்பி மாணவர் விசாவில் வந்து இரண்டு ஆண்டும் ஆகவில்லை. அவனுக்கு வாக்கு இருந்தது. இலங்கை பொதுநலவாய நாடு அல்லவா! அவன் விலகும் பக்கமே போட்டான். ஐரோப்பியர் வருவது குறைந்தால் எங்கள் பக்கத்துச் சமையற்காரர்களுக்கு வழி திறக்கும் என்று நம்பினான். கறி உணவகங்களைக் காப்பாற்றப் போவதாக அன்றைய அமைச்சர் பிரீத்தி பட்டேல் அப்போது பிரசாரமே நடத்தினார். இன்று திறன்மிகு தொழிலாளர் விசாவுக்குப் பொதுவாக ஆண்டுச் சம்பளம் 41,700 பவுண் காட்ட வேண்டும். எந்தக் கொத்துரொட்டிக் கடையில் அதைக் கொடுக்கிறார்கள் என்று தெரிந்தால் எழுதுங்கள், என் கடையை மூடிவிட்டு நானே கொத்தப் போகிறேன்.

கடை என்றதும் தாங்கள் சொன்ன அந்தச் 'சில படிவங்கள்' நினைவுக்கு வருகின்றன. நெதர்லாந்தின் ரொட்டர்டாம் துறைமுகத்தில் இறங்கும் தாய்லாந்து டின்மீனை அங்குள்ள மொத்த வியாபாரியிடம் வாங்கி வந்தேன். அது ஐரோப்பாவில் உற்பத்தியான பொருள் இல்லையாம். எனவே அங்கே ஒரு தடவை கட்டிய வரியை இங்கே மறுபடியும் கட்ட வேண்டும். 2024 ஏப்ரலிலிருந்து டோவர் வழியாக வரும் விலங்கு, தாவரப் பொருள்கள் பலவற்றுக்கு ஒரு தொகுதிக்கு 145 பவுண் வரை கட்டணம் வேறு. பெரிய சூப்பர்மார்க்கெட்டுக்கு லொறி நிறைய ஒரே சாமான் வரும். என் ஒரு பலகை (பேலட்) சரக்கில் 17 வகை, ஒவ்வொன்றுக்கும் தனிச் சுங்கக் குறியீடு. கடைசியில் அந்த வியாபாரத்தையே விட்டுவிட்டேன்.

என் அம்மாவின் கதையையும் சொல்லிவிடுகிறேன். அவருக்கும் நெதர்லாந்துக் கடவுச்சீட்டுத்தான். பிரித்தானியாவில் தொடர்ந்து இருக்க 2021 ஜூன் 30க்குள் விண்ணப்பித்து, இத்தனை காலம் இங்கேதான் இருந்தோம் என்று காட்ட வேண்டியிருந்தது. அனுமதி கிடைத்தது. ஆனால் அது கணினியில்தான் இருக்கும், கையில் அட்டை தரமாட்டார்கள். ஆயுளில் மூன்று நாடுகளில் கடதாசிக்காக வரிசையில் நின்றவர் அம்மா. "கடதாசி எங்கே?" என்று இன்றும் மாதத்துக்கு ஒரு முறையாவது கேட்கிறார். பிரித்தானியக் குடியுரிமை எடுக்கலாமே என்பார்கள். எடுத்தால் நெதர்லாந்துக் குடியுரிமை போய்விடும்.

தங்களிடம் நான் கேட்பது பெரிதல்ல. விடுமுறைக் காலம் வருகிறது. இங்கிருந்து ஐரோப்பாவுக்கு எதைக் கொண்டுபோகலாம், எதைக் கொண்டுபோகக் கூடாது என்று கால் பக்கத்தில் ஒரு பட்டியல் வெளியிடுங்கள். இடமில்லை என்றால் ராசிபலனைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். நான் சீரோடு புறப்பட்ட வாரத்தில்தான் என் ராசிக்குக் கடல் கடந்த பயணத்தால் உறவினரிடையே மதிப்பு உயரும் என்று போட்டிருந்தீர்கள்.

இப்படிக்கு,
மளிகைக் கடைக்காரர் ஒருவர்,
ஹரோ, லண்டன்