விடுதி ஒதுக்கீட்டுக் குழுவினருக்கு, இஸ்திரிப் பலகையிலிருந்து

மதிப்பிற்குரிய விடுதி ஒதுக்கீட்டுக் குழுவினருக்கு,

வணக்கம். ஆங்கிலத்தில் உங்களுக்கு இரண்டு முறை எழுதிவிட்டேன். மேல்முறையீட்டுப் படிவத்தில் 200 சொல்லைத் தாண்டினால் பெட்டி சிவப்பாகிவிடுகிறது. இரண்டு முறையும் வந்த பதில் ஒன்றேதான்: என் வீடு பல்கலைக்கழக வளாகத்துக்கு அருகில் இருப்பதால் இறுதியாண்டுக்கு அறை தர இயலாது, புரிந்துகொண்டதற்கு நன்றி. நான் இன்னும் புரிந்துகொள்ளவில்லை. அதனால்தான் சொல் கணக்கு இல்லாத இடத்தில், நாலு பேர் பார்க்கும்படி எழுதுகிறேன். உங்கள் அலுவலகத்தில் தமிழ் தெரிந்தவர் ஒருவராவது இருப்பார். சிங்கப்பூராயிற்றே.

உங்கள் தூரக் கணக்கில் பிழை ஏதும் இல்லை. பாட்டி வீட்டிலிருந்து வளாகத்துக்குப் பேருந்தில் நான்கு நிறுத்தம்தான். நான் கேட்பது ஒன்றே ஒன்று. வீடு எவ்வளவு தூரம் என்று பார்க்கும்போது, அந்த வீட்டில் உட்கார்ந்து படிக்க இடம் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

உங்கள் படிவத்தில் 'நிரந்தர முகவரி' என்று ஒரு வரி இருக்கிறது. மூன்று வருடமாக அதை நிரப்பி வருகிறேன், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் சிரிப்பு வருகிறது.

பிறந்தது உட்லண்ட்ஸில், சொந்த நாலறை வீட்டில். எனக்கு ஆறு வயதாகும்போது அப்பாவின் மளிகைக் கடை நொடித்து, வீட்டை விற்க வேண்டி வந்தது. 1989 முதல் அரசு அடுக்குமாடி வீடுகளின் ஒவ்வொரு புளோக்கிலும் இன்ன இனத்தவர் இத்தனை பேர்தான் என்று வரம்பு உண்டல்லவா. எங்கள் புளோக்கில் சீனர் பிரிவு நிரம்பியிருந்ததால் சீனருக்கு விற்க முடியவில்லை, மற்ற இனத்தவருக்குத்தான் விற்க முடிந்தது. வாங்க வந்தவருக்கும் அது தெரியும். பேரம் எப்படிப் போயிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம் ரோச்சோர் சென்டர். நீலம், பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நாலு நிறத்தில் நின்ற அந்த நாலு புளோக்கையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். நாங்கள் நீலத்தில், வாடகைக்கு. தேக்காவுக்கு, அதாவது லிட்டில் இந்தியாவுக்கு, நடந்தே போய்விடலாம். தீபாவளிச் சந்தை நேரத்தில் அம்மா என்னை இரவு பத்து மணிக்குக்கூடக் கொத்தமல்லி வாங்க அனுப்புவார். வடக்கு-தெற்கு விரைவுச்சாலைக்காக அந்த இடம் எடுக்கப்படுகிறது என்று 2011இல் அறிவித்தார்கள். 2016க்குள் எல்லாரும் காலி செய்தோம், 2018இல் இடித்தார்கள். வீட்டு உரிமையாளருக்குக் காலாங்கில் மாற்று வீடு கிடைத்தது. வாடகைக்கு இருந்த எங்களுக்குக் கிடைத்தது ஒரு தேதி.

வீடு தேடிய அந்த மாதங்களைப் பற்றி எழுதாமல் போகலாம் என்றுதான் நினைத்தேன். முடியவில்லை. போனில் அப்பாவின் பெயரைக் கேட்டதுமே "இப்போதுதான் ஒருவர் எடுத்துக்கொண்டார்" என்பார்கள். அதே வீடு அடுத்த வாரமும் விளம்பரத்தில் இருக்கும். வெளிப்படையாக "இந்தியர் வேண்டாம்" என்று போட்டவர்கள்மீது எனக்குக் கொஞ்சம் மரியாதையே உண்டு, தொலைபேசிச் செலவு மிச்சம். 'லைட் குக்கிங்' மட்டும் என்பார்கள். மேகி போடலாம், ரசம் தாளிக்கக் கூடாது என்று அதற்குப் பொருள். கடைசியில் ஈசூனில் ஒருவர் வீட்டின் ஓர் அறையில் நாலு பேர் இருந்தோம். என் அடையாள அட்டையில் அச்சான முதல் முகவரி அதுதான். 2019இல் அதன் பின்புறம் பாட்டியின் முகவரி ஸ்டிக்கராக ஒட்டப்பட்டது. உங்கள் கணினி படிக்கும் முகவரியும் அதுவே.

பாட்டியின் ஈரறை வீட்டில் ஆறு பேர். உள்ளறையில் பாட்டி, அம்மா, தங்கை. கூடத்தில் அப்பாவும் நானும் இரவில், மாமா பகலில். மாமாவுக்குப் பாதுகாவல் வேலை, இரவுப் பணி. பாட்டிக்கு வாரம் மூன்று நாள் விடியற்காலையில் டயாலிசிஸ், அதனால் ஒன்பதரைக்கு விளக்கு அணைந்துவிடும். ஆகப் பகலில் கூடத்தில் பேசக் கூடாது, இரவில் விளக்குப் போடக் கூடாது. மிச்சம் இருப்பது சமையலறை. அங்கே மேசை போட்டால் சலவை இயந்திரத்தின் கதவு திறக்காது. மேசைக்குப் பதில் இஸ்திரிப் பலகைதான்.

2020 ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை சர்க்கிட் பிரேக்கர், அதாவது கொரோனா முடக்கம். எனக்கு அது ஏ லெவல் தேர்வு ஆண்டு. பலகையை ஆகத் தாழ்வாக இறக்கி, அரிசி டின்னைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து, பள்ளி இரவல் தந்த மடிக்கணினியில் பாடம் கேட்டேன். ஒரு கால் ஆடும், அதற்குக் காலண்டர் அட்டையை மடித்துச் சொருகியிருந்தோம். தட்டச்சு செய்தால் திரை நடுங்கும். துணி உறையில் இஸ்திரிப் பெட்டி வடிவில் ஒரு கருகல் உண்டு, மௌஸ் அந்த இடத்துக்குப் போனால் சிக்கிக்கொள்ளும். ஒருநாள் வேதியியல் வகுப்பில் நான் பதில் சொல்ல ஒலிவாங்கியைத் திறந்த நேரம் பார்த்துக் குக்கர் மூன்று விசில் அடித்தது. "என்ன அது, அலாரமா?" என்றார் ஆசிரியர். சாம்பாருக்குப் பருப்பு வேகிறது என்று சொல்ல வாய் வரவில்லை. ஆமாம் என்றேன். "அப்படியானால் வெளியே போ, பத்திரமாக இரு" என்று அக்கறையோடு சொன்னார். மின்தூக்கி அருகே போய்ப் பத்து நிமிடம் நின்றுவிட்டு வந்தேன்.

விடிகாலை ஐந்தரைக்குப் பலகை அம்மாவுக்கு வேண்டும், சீருடைகள் தேய்க்க. எழுதியது முடிந்ததோ இல்லையோ, எழுந்துவிட வேண்டும்.

எனக்கென்று ஒரு கட்டில் முதன்முதலில் எங்கே கிடைத்தது தெரியுமா? ராணுவப் பயிற்சித் தீவான புலாவ் தெக்கோங்கில். கட்டாயத் தேசிய சேவைக்குப் போன முதல் இரவு பக்கத்துக் கட்டில் நண்பன் வீட்டை நினைத்து அழுதான். நான் பூட்டுள்ள அலமாரியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன். இரண்டாவது கட்டில் உங்கள் விடுதியில், கூடவே ஒரு மேசை, மேசைக்கு மேலே ஒரு விளக்கு. மூன்று வருடமாக என் மதிப்பெண் எப்படி இருக்கிறது என்பது உங்கள் கணினியிலேயே உள்ளது. அதையும் ஒருமுறை திறந்து பாருங்கள்.

அறை ஒதுக்க நீங்கள் பார்க்கும் புள்ளி முறை பற்றியும் ஒரு வார்த்தை. விடுதி அணிக்காக ஃபிரிஸ்பீ எறிந்தவருக்குப் புள்ளி, விடுதி விழாவில் பலூன் ஊதியவருக்கும் புள்ளி. வாரத்தில் நாலு மாலை துணைப்பாடம் சொல்லிக்கொடுத்துவிட்டு, பாட்டியை மருத்துவ நிலையத்துக்கு அழைத்துப் போகிறவனுக்கு அந்தப் பட்டியலில் கட்டம் இல்லை. சாங்கி விமான நிலையத்தில் விடிய விடியப் படிக்கும் மாணவர்களைப் பார்த்துச் சிங்கப்பூர்ப் பிள்ளைகள் எவ்வளவு கடும் உழைப்பாளிகள் என்று மெச்சுகிறோம். அவர்களில் எத்தனை பேர் வீட்டில் மேசை இருக்கிறது என்று யாராவது கேட்டதுண்டா? பயணச்சீட்டுக்கூட வாங்காமல் விமான நிலையத்தில் இரவைக் கழிப்பது அவ்வளவு பெரிய லட்சியமா என்ன?

மன்னிக்கவும், கேட்க வந்ததை விட்டுவிட்டு எங்கோ போகிறேன்.

அறைகள் குறைவு, கேட்பவர் அதிகம் என்று எனக்கும் தெரியும். வெளிநாட்டு மாணவருக்கு இங்கே பாட்டி வீடும் கிடையாது. அவர்கள் அறையை எனக்குக் கொடுங்கள் என்று கேட்கவில்லை. தூரத்தை மட்டும் வைத்து மறுக்காதீர்கள் என்றுதான் கேட்கிறேன். 'நிரந்தர முகவரி'க்குக் கீழே இன்னொரு வரி போடுங்கள்: வீட்டில் எத்தனை பேர், எத்தனை அறை, படிக்க இடம் உண்டா. எங்களில் சிலர் பொய் சொல்லக்கூடும் என்று பயப்படுகிறீர்களானால் நேரில் வந்து பாருங்கள்.

மே மாதம் அறையைக் காலி செய்யச் சொல்லியிருக்கிறீர்கள். செய்துவிடுகிறேன், எனக்குப் பழக்கம்தான். அதற்குள் தயவுசெய்து என் விண்ணப்பத்தை மறுபடி ஒருமுறை பாருங்கள். வீட்டுக்கு வருவதாக இருந்தால் மாலை ஆறு மணிக்கு மேல் வாருங்கள். பகலில் மாமா தூங்குவார்.

இப்படிக்கு,
மூன்றாம் ஆண்டு மாணவன்