செயலாளர் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பெரியோர்களே, சகோதர சகோதரிகளே, வணக்கம்.

மாதக் கூட்டங்கள், பொங்கல் விழா, ஞாயிறு தமிழ் வகுப்பு எல்லாம் வழக்கம்போல நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். எனக்குச் சொல்ல வேண்டியது ஏரி விஷயம்.

போன பொதுக்குழுவில் "ஏரியைச் சுத்தம் செய்வது" என்று தீர்மானம் போட்டோம். முன்மொழிந்தவன் நானே. இரண்டு ஞாயிறு இறங்கி, கண்ணில் பட்ட பச்சையையெல்லாம் வாரிக் கரையில் குவித்தோம். பேடா என்கிற மிதக்கும் வெங்காயத்தாமரையோடு, அடியில் வேர்விட்டிருந்த வேலம்பாசிச் செடியும் போயிற்று. பார்த்தவர்கள் மெச்சினார்கள், ஒருவர் எல்லாருக்கும் மொஹிங்கா என்ற மீன்குழம்பு நூடுல்ஸ் வாங்கிக் கொடுத்தார். ஒன்றரை மாதத்தில் தண்ணீர் பச்சைப் பெயிண்ட் கரைத்த மாதிரி ஆகிவிட்டது. வேலம்பாசி பிடித்து வைத்திருந்த சேறு கலங்கி, அது உறிஞ்சிக்கொண்டிருந்த சத்தெல்லாம் நுண்பாசிக்குத் தீனியாகிவிட்டது. மியன்மாரின் இன்லே ஏரியில் செடியை வாரி மிதக்கும் தோட்டம் போட்டுத் தக்காளி வளர்க்கிறார்கள். நாம் குவித்து நாறவிட்டோம்.

அதனால் இந்த ஆண்டு பறிப்பதை நிறுத்திவிட்டு, எங்கே என்ன செடி இருக்கிறது என்று பார்க்கத் தொடங்கினோம். குப்பை வாரும் இரண்டு இரும்பு வாரித் தலைகளை முதுகோடு முதுகாகக் கட்டி, கயிற்றில் வீசி இழுப்பதுதான் முறை. முதல் வீச்சில் கயிற்று நுனியைக் கையில் சுற்ற மறந்துவிட்டேன். பொருளாளர் கணக்கில் வாரிச் செலவு இரண்டு தடவை வருவது அதனால்தான்.

தண்ணீரின் தெளிவு பார்க்க, கறுப்பும் வெள்ளையும் கால் கால் பாகமாக அடித்த ஒரு தட்டு. 1865இல் செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார் கடலில் வெள்ளைத் தட்டு இறக்கிப் பார்த்ததிலிருந்து வந்த வழக்கம். சாக்கடை விழும் பக்கம் தட்டு முழங்கை ஆழத்திலேயே மறைந்தது. வாரியில் வெறும் சேறு. மேலே பேடா மட்டும். மிதக்கிற செடிக்குத் தண்ணீர் கலங்கினால் என்ன? சத்து மிகுந்தால் இரண்டு வாரத்தில் இரட்டிப்பாகி, கீழே வெளிச்சத்தையும் காற்றையும் அடைத்துவிடும். எதிர்க்கரையில் தட்டு இடுப்பளவு தெரிந்தது. வாரி நிறைய வேலம்பாசி, இலை விளிம்பு விரலில் சொரசொரத்தது, ஒட்டிக்கொண்டு குட்டி நத்தைகள்.

வேலம்பாசி இருந்தாலே ஏரி நலம் என்று எழுதிவிட முடியாது. அது ஓரளவு கெட்ட தண்ணீரையும் தாங்கும். எத்தனை வகை, எந்த ஆழம்வரை என்பதுதான் கணக்கு. தெளிந்த நீரை விரும்பும், கசக்கினால் பூண்டு வாடை அடிக்கும் காராப்பாசி எங்கேயும் அகப்படவில்லை.

தண்ணீரைப் புட்டியில் பிடித்துச் சோதித்தால் அன்றைய நிலைதான் தெரியும். குளம் வற்றினால் கொக்கு பறந்துவிடும், கொட்டியும் ஆம்பலும் கிடந்தே காயும். பல மாதத்துச் சங்கதி செடியில் இருக்கிறது. ஐரோப்பாவில் 2000இல் வந்த நீர்ச் சட்டத்திலும் ஏரியின் நலனை அளக்க நீர்த்தாவரங்களைச் சேர்த்திருக்கிறார்கள்.

சாக்கடையைத் திருப்பிவிடச் சொல்லி ஓர் அலுவலகத்துக்கு மூன்று கடிதம் போட்டோம். பதில் இல்லை. நான்காவதைச் செடிக் கணக்கோடு அனுப்ப உத்தேசம்.

போன ஆண்டுத் தீர்மானத்தில் "சுத்தம் செய்வது" என்பதை அடித்துவிட்டு, "மாதம் ஒருமுறை செடிகளைப் பார்த்துக் குறித்துவைப்பது" என்று திருத்தப் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்